நூற்றுக்கணக்கான கிளைகள், ஆயிரக்கணக்கான கணினிகள்: மென்பொருள் புதுப்பிப்பைக் கடைசிக் கிளை வரை கொண்டு சேர்ப்பது எப்படி?

வங்கிகள், அஞ்சலகங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், மின் விநியோக அலுவலகங்கள், விமான நிறுவனங்கள் என நாடெங்கும் கிளைகளைக் கொண்ட அமைப்புகள் பலவும் இன்று ஒரே கணினி வலையமைப்பில் இணைந்து இயங்குகின்றன. தலைமையகத்தின் சர்வர்கள் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், ஏதோ ஒரு சிற்றூர்க் கிளையில் பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாத ஒரு கணினி இருந்தால், அதன் வழியே முழு வலையமைப்புக்குள்ளும் ஊடுருவல் நிகழக்கூடும்.

இதற்குத் தீர்வு, புதுப்பிப்பு வந்த உடனே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிடுவதுதானா? அதுவும் ஆபத்தே என்பதை 2024-ஆம் ஆண்டு உலகம் கண்டது. தாமதித்தால் தாக்குதல், சோதிக்காமல் அவசரப்பட்டால் முடக்கம் என்ற இந்த இரண்டுக்கும் நடுவே நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

புதுப்பிப்பு என்பது எவற்றை உள்ளடக்கியது?

மென்பொருள் புதுப்பிப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது விண்டோஸ் போன்ற இயங்குதளம் மட்டுமே. கிளை அலுவலகம் ஒன்றில் புதுப்பிக்க வேண்டியவை அதைவிட அதிகம். இயங்குதளம், பிரவுசர், அலுவலகப் பயன்பாட்டு மென்பொருள்கள், ஆன்டிவைரஸ், பிரிண்டர் மற்றும் ஸ்கேனருக்கான மென்பொருள்கள், இணைய இணைப்பைத் தரும் ரவுட்டர், கண்காணிப்பு கேமராப் பதிவுக் கருவி, கணினியின் அடிப்படை இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பயாஸ் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பேட்ச் எனப்படும் பாதுகாப்புத் திருத்தம். கண்டறியப்பட்ட ஓட்டையை அடைப்பதே இதன் பணி. இரண்டாவது, புதிய வசதிகளைத் தரும் பெரிய பதிப்பு மாற்றம். மூன்றாவது, புதிய அச்சுறுத்தல்களை அடையாளம் காண ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் அன்றாடம், சில வேளைகளில் ஒரே நாளில் பலமுறை பெறும் தகவல் கோப்புகள். மூன்றுக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது. முதல் வகையை வாரக் கணக்கிலும், இரண்டாவதை மாதக் கணக்கிலும் திட்டமிடலாம். மூன்றாவது வகை பெரும்பாலும் தானாகவே நிகழ்கிறது. அதனாலேயே அது கண்காணிப்பிலிருந்து தப்பிவிடும் வாய்ப்பும் அதிகம்.

தாமதத்தின் விலை: 2017

விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்புகளைப் பகிரும் வசதியில் இருந்த ஒரு கடுமையான குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அதே குறைபாட்டைப் பயன்படுத்தி வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கியது. இடையில் இருந்தது 59 நாட்கள். 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சில நாட்களிலேயே பாதிக்கப்பட்டன.

வலையமைப்புக்குள் நுழைந்துவிட்டால் யாரும் எதையும் சொடுக்காமலேயே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகத் தாவியது வான்னாக்ரையின் தனித்தன்மை. இந்தியாவில் பாதிப்புக்குள்ளான இடங்களின் பட்டியலும் கவனிக்கத்தக்கது. மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தில் மின் விநியோக அலுவலகங்கள், ஆந்திரப் பிரதேசத்தில் காவல்துறை அலுவலகங்கள், கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் ஊராட்சி அலுவலகம், தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகம் ஆகியவற்றிலிருந்து தகவல்கள் வந்தன. இவற்றில் எதுவும் தலைநகரின் பெரிய தரவு மையம் அல்ல. மக்கள் அன்றாடம் சென்றுவரும் மாவட்ட, உள்ளூர் அலுவலகங்களும் கோட்ட அளவிலான அலுவலகங்களுமே இவை.

திருத்தம் வெளியாகும் நாள் மற்றோர் ஆபத்தின் தொடக்க நாளாகவும் அமைகிறது. வெளியான திருத்தத்தைப் பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதன் மூலம், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதைத் தாக்குதல் நடத்துவோர் அறிந்துகொள்கின்றனர். எனவே திருத்தம் வெளியான பிறகு அதை நிறுவாமல் இருக்கும் கணினி, முன்பைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது.

அவசரத்தின் விலை: 2024

2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம், தனது பாதுகாப்பு மென்பொருளுக்கான தகவல் கோப்பு ஒன்றை இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியிட்டது. அதில் இருந்த பிழையால் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் முடங்கின. 78 நிமிடங்களில், அதாவது காலை 10.57 மணிக்கு அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது.

இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. இண்டிகோ நிறுவனம் ஏறத்தாழ 200 விமானச் சேவைகளை ரத்து செய்தது. வங்கிகள் மற்றும் வங்கி சாரா நிதி நிறுவனங்களில் 10 மட்டுமே சிறிய அளவில் பாதிக்கப்பட்டதாக இந்திய ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

முடங்கிய பல கணினிகளைத் தொலைவிலிருந்து சரிசெய்ய முடியவில்லை. ஒவ்வொரு கணினியின் முன்பும் ஒருவர் அமர்ந்து, பாதுகாப்பு முறையில் அதை இயக்கி, பிழையுள்ள கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்த கணினிகளுக்கு 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. தலைமையகத்தில் இதைச் செய்ய ஆட்கள் உண்டு. தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர்கூட இல்லாத கிளைகளுக்கு யார் செல்வது, எத்தனை நாட்களில் செல்வது என்ற கேள்வி அன்று உலகெங்கும் எழுந்தது. அந்நிகழ்வுக்குப் பிறகு, இத்தகைய கோப்புகளையும் படிப்படியாகவே வெளியிடுவதாகவும், எப்போது ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் வசதியை வாடிக்கையாளர்களுக்குத் தருவதாகவும் கிரவுட்ஸ்டிரைக் அறிவித்தது.

முதற்பணி: முழுமையான கணக்கெடுப்பு

இருப்பதே தெரியாத கணினியைப் புதுப்பிக்க இயலாது. ஆகவே, ஒவ்வொரு கிளையிலும் உள்ள கருவிகளின் பட்டியலே இப்பணியின் அடித்தளம். கணினியின் பெயர், இருக்கும் கிளை, இயங்குதளத்தின் பதிப்பு, நிறுவப்பட்டுள்ள மென்பொருள்கள், கடைசியாக வலையமைப்போடு தொடர்புகொண்ட நாள், பொறுப்பாளர் ஆகிய விவரங்கள் அதில் இடம்பெற வேண்டும்.

இப்பட்டியலைக் கிளைகளிடம் கேட்டு மட்டும் தயாரித்தால் பிழைகள் மிகும். வலையமைப்பைத் தானியங்கி முறையில் ஆராய்ந்து கிடைக்கும் பட்டியலையும், கொள்முதல் பதிவேட்டையும், கிளை தரும் விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். மூலையில் வைக்கப்பட்டு எப்போதோ ஒருமுறை இயக்கப்படும் பழைய கணினி, பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தோடு இணைக்கப்பட்ட கணினி, வெளி நிறுவனம் பராமரிக்கும் கேமராப் பதிவுக் கருவி போன்றவை பெரும்பாலும் விடுபடுபவை.

இணைய வேகம் என்னும் தடை

பல கிளைகளுக்கு ஒரே நேரத்தில் புதுப்பிப்பை அனுப்பும்போது முதலில் எதிர்ப்படும் தடை இணைய வேகம். எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஒரு கிளையில் 15 கணினிகள், அதன் இணைப்பு வேகம் விநாடிக்கு 4 மெகாபிட், மாதாந்திரப் புதுப்பிப்பின் அளவு 1 ஜிகாபைட் என்று கொள்வோம். 15 கணினிகளும் தனித்தனியே பதிவிறக்கினால், அந்த இணைப்பு வேறெதற்கும் பயன்படாமல் 8 மணி நேரத்துக்கு மேல் நிரம்பியிருக்கும். அதாவது, ஒரு முழு வேலைநாள் வாடிக்கையாளர் சேவை நின்றுபோகும். அதே புதுப்பிப்பை ஒருமுறை மட்டும் பதிவிறக்கி, கிளைக்குள் பகிர்ந்துகொண்டால் சுமார் 33 நிமிடங்கள் போதும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கிளையில் உள்ள ஒரு கணினியையோ சிறிய சர்வரையோ உள்ளூர்க் களஞ்சியமாக அமைப்பது. இரண்டாவது, கணினிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளச் செய்வது. விண்டோஸ் 10 முதல் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி இப்பணியைச் செய்கிறது. லினக்ஸ் கணினிகளைப் பயன்படுத்துவோர், மென்பொருள் தொகுப்புகளின் பிரதியை உள்ளூர் சர்வரில் வைத்துக்கொள்ளும் மிரர் முறையைக் கையாளலாம்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. ஒரே இணைய முகவரியிலிருந்து வெளியே வரும் கணினிகள் அனைத்தும் ஒரே அலுவலகத்தில் இருப்பவை என்று இந்தப் பகிர்வு வசதி பொதுவாகக் கருதிக்கொள்கிறது. ஆனால் பல நிறுவனங்களில் எல்லாக் கிளைகளின் இணையப் போக்குவரத்தும் தலைமையகம் வழியாகவே வெளியே செல்கிறது. அந்நிலையில் ஒரு கிளையின் கணினி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள மற்றொரு கிளையின் கணினியிடம் கோப்பைக் கேட்கத் தொடங்கும். சேமிப்புக்குப் பதில் நெரிசலே மிஞ்சும். கிளைவாரியாகக் குழுக்களைப் பிரித்து அமைப்பதன் மூலம் இதைத் தவிர்க்கலாம். அலுவலக நேரத்தில் பதிவிறக்க வேகத்துக்கு உச்சவரம்பு விதித்து, இரவில் அதைத் தளர்த்துவதும் உதவும்.

படிநிலை வெளியீடு

புதுப்பிப்பை ஒரே நாளில் அனைவருக்கும் அனுப்பாமல் வளையங்களாகப் பிரித்து அனுப்புவதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட முறை. முதல் வளையம் தொழில்நுட்பப் பிரிவின் சொந்தக் கணினிகள். இரண்டாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட சில முன்னோடிக் கிளைகள். மூன்றாவது, பெரும்பான்மைக் கிளைகள். கடைசி வளையத்தில், ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத முக்கியக் கணினிகளும் செல்வதற்குக் கடினமான தொலைதூரக் கிளைகளும் இடம்பெறும்.

முன்னோடிக் கிளைகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. தலைமையகத்துக்கு அருகில், அதிவேக இணைப்பும் புதிய கணினிகளும் உள்ள கிளைகளை மட்டும் தேர்ந்தால், பிற கிளைகளில் நேரவிருக்கும் சிக்கல்கள் வெளிப்படாது. பழைய கணினி, குறைந்த வேக இணைப்பு, செயற்கைக்கோள் இணைப்பு, வேறுபட்ட பிரிண்டர் என ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஒரு கிளையாவது முன்னோடிக் குழுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்துக்குப் பிறகும் கணக்கு திறப்பது, ரசீது அச்சிடுவது, கைரேகைக் கருவியை இயக்குவது போன்ற அன்றாடப் பணிகள் தடையின்றி நடக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அடுத்த வளையத்துக்குச் செல்ல வேண்டும். சிக்கல் எழுந்தால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவது, பழைய நிலைக்கு எவ்வாறு திரும்புவது என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதும் அவசியம்.

பெரிய அளவிலான படிநிலை மாற்றத்துக்கு அண்மைய எடுத்துக்காட்டு இந்திய அஞ்சல் துறை. அத்துறையின் புதிய மென்பொருள் தளம் முதலில் கர்நாடக அஞ்சல் வட்டத்தில் சோதனை முறையில் அறிமுகமானது. பின்னர் மற்ற வட்டங்களுக்குக் கட்டம் கட்டமாக விரிந்து, 2025 ஆகஸ்ட் 4 அன்று நாடு முழுவதும் நிறைவடைந்தது. 1.64 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இதில் அடங்கும். மாற்றத்துக்காக அந்தந்த வட்டங்களில் ஒரு நாள் பரிவர்த்தனைகள் நிறுத்தப்படும் என்பதும் பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. இது பாதுகாப்புத் திருத்தம் அல்ல, முழு மென்பொருள் மாற்றம். எனினும் சோதனை, கட்டங்கள், முன்னறிவிப்பு என்ற ஒழுங்குமுறை இரண்டுக்கும் பொதுவானது.

நாட்காட்டியைப் பயன்படுத்துதல்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. நேர வேறுபாட்டால் அது இந்தியாவில் செவ்வாய் இரவு 10.30 அல்லது 11.30 மணியாக இருக்கும். ஆகவே இந்தியத் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு இப்பணி புதன்கிழமை காலையில் தொடங்குகிறது.

இந்திய வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் வசதியான ஓர் அட்டவணை கிடைக்கிறது. இரண்டாவது செவ்வாய்க்கும் நான்காவது சனிக்கும் இடையே எந்த மாதமாயினும் 11 நாட்களோ 18 நாட்களோ இருக்கும். முதல் இரண்டு வளையங்களின் சோதனைக்கு இக்கால அளவு போதுமானது. நான்காவது சனியும் ஞாயிறும் சேர்ந்து வரும் இரண்டு விடுமுறை நாட்களில் பெரும்பான்மைக் கிளைகளுக்கான வெளியீட்டை வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை கிளைகள் திறக்கும்போது உதவி மையத்தில் கூடுதல் ஆட்கள் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிவான மார்ச் இறுதி வாரம், காலாண்டு முடிவு, பண்டிகைக்கு முந்தைய நாட்கள் ஆகியவற்றில் வசதிகளுக்கான பெரிய மாற்றங்களைத் தவிர்ப்பது வழக்கம்.

ஆனால் எல்லாத் திருத்தங்களுக்கும் இந்த அவகாசம் கிடையாது. ஒரு குறைபாடு ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டு வருகிறது என்று இந்தியக் கணினி அவசரகால உதவிக் குழுவான செர்ட்-இன் எச்சரிக்கை விடுத்தால், அல்லது அக்குறைபாடு இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருக்கும் கருவியில் இருந்தால், வாரக் கணக்கில் காத்திருக்க இயலாது. இதற்கெனச் சில நாட்களில், தேவையெனில் சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அவசர நடைமுறை தனியே இருக்க வேண்டும். அதிலும்கூட முதல் வளையத்தில் சில மணி நேரச் சோதனையைக் கைவிடலாகாது.

புதுப்பிப்பு சர்வரே தாக்குதலுக்கு உள்ளானால்?

அனைத்துக் கணினிகளிலும் மென்பொருளை நிறுவும் அதிகாரம் புதுப்பிப்பு சர்வருக்கு உண்டு. எனவே அதைக் கைப்பற்றுபவர் முழு வலையமைப்பையும் கைப்பற்றியவர் ஆவார். நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் மைக்ரோசாப்ட்டின் டபிள்யூ.எஸ்.யு.எஸ். எனும் புதுப்பிப்பு சர்வர் மென்பொருளில் 2025 அக்டோபரில் மிகக் கடுமையான குறைபாடு வெளிப்பட்டது. அம்மாத வழக்கமான திருத்தம் போதாமல், அக்டோபர் 23 அன்று அவசரத் திருத்தம் வெளியிடப்பட்டது. அதையொட்டித் தாக்குதல்களும் பதிவாயின. புதுப்பிப்பு சர்வரை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கக் கூடாது, கிளைகளுக்கும் அதற்கும் இடையிலான தொடர்பு குறியாக்கம் செய்யப்பட வேண்டும், அதன் நிர்வாகக் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும் என்பவை இதிலிருந்து பெறப்படும் பாடங்கள்.

புதுப்பிப்பையே ஆயுதமாக்கிய நிகழ்வும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட கணக்கியல் மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மும்பை அருகேயுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் இயக்கிய சரக்கு முனையத்தின் பணிகளும் தடைபட்டன. உக்ரைனில் ஒரு மென்பொருளில் தொடங்கிய கோளாறு, மும்பையில் கண்டெய்னர்களைத் தேங்க வைத்தது.

மெர்ஸ்க் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அதன் சர்வர்கள் உலகெங்கும் அழிந்துபோயிருந்தன. கானா நாட்டுக் கிளை அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு சர்வர் மட்டும், தாக்குதல் நேரத்தில் மின்தடையால் அணைந்திருந்ததன் காரணமாகத் தப்பியது. அதிலிருந்த தரவைக் கொண்டே மீட்புப் பணி நடைபெற்றது. ஒரு பெருநிறுவனத்தின் மீட்பு தற்செயலான மின்தடையை நம்பியிருந்தது என்பதே, வலையமைப்போடு இணைக்கப்படாத காப்புப் பிரதி ஏன் கட்டாயம் என்பதற்குப் போதுமான விளக்கம்.

ஆதரவு முடிந்த கணினிகள்

தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துவிட்ட இயங்குதளத்துக்கு வழக்கமான திருத்தங்கள் வருவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்தது. ஆயினும் இந்தியாவில் பல ஏ.டி.எம். இயந்திரங்கள் அதன் பின்னரும் அதிலேயே இயங்கின. இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூன் மாதம் கெடு விதித்தது. 2018 செப்டம்பருக்குள் குறைந்தது 25 சதவீதம், டிசம்பருக்குள் 50 சதவீதம், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதம், ஜூனுக்குள் 100 சதவீதம் என ஏ.டி.எம். இயந்திரங்களை ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்ற வேண்டும் என்று அது உத்தரவிட்டது. ஒழுங்குமுறை அமைப்பே படிநிலை அட்டவணையை வகுத்துத் தந்ததற்கு இது எடுத்துக்காட்டு.

அதே சூழல் இப்போது அலுவலகக் கணினிகளுக்கு வந்துள்ளது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர் என்றும், அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்டணம் இரட்டிப்பாகும் என்றும் மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறுவதற்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட வன்பொருள் தேவைகள் இருப்பதால், பழைய கணினிகள் பலவற்றில் மாற்றம் இயலாது. உடனடியாக மாற்ற முடியாத கணினிகளை வலையமைப்பின் தனிப் பகுதியில் ஒதுக்கி, இணைய அணுகலை நிறுத்தி, அனுமதிக்கப்பட்ட மென்பொருள்கள் மட்டும் இயங்குமாறு கட்டுப்படுத்துவதே இடைக்கால வழி.

அறிக்கையில் உள்ளதும் உண்மை நிலையும்

'97 சதவீதக் கணினிகள் புதுப்பிக்கப்பட்டுவிட்டன' என்ற அறிக்கை நிர்வாகத்துக்கு மனநிறைவு தரலாம். ஆனால் 1,000 கிளைகளில் தலா 15 கணினிகள் உள்ள நிறுவனத்தில் எஞ்சிய 3 சதவீதம் என்பது 450 கணினிகள். அவை எந்தக் கிளைகளில், என்ன பணிக்காக, எத்தனை மாதங்களாகப் பின்தங்கியுள்ளன என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஒரே கணினிகள் ஒவ்வொரு மாதமும் விடுபட்டு வந்தால், சதவீதம் மாறாமல் இருந்தாலும் ஆபத்து வளர்ந்துகொண்டே போகும்.

இந்தச் சதவீதம், சர்வரோடு தொடர்பில் உள்ள கணினிகளை மட்டும் கொண்டு கணக்கிடப்பட்டிருக்கலாம். 30 நாட்களாகத் தொடர்புகொள்ளாத கணினி கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. எனவே கருவிகளின் முழுப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். பதிவிறக்கம் முடிந்தும் மறுதொடக்கம் செய்யப்படாத கணினிகளில் பல திருத்தங்கள் நடைமுறைக்கு வருவதில்லை என்பதால், அவற்றையும் நிலுவையாகவே கருத வேண்டும்.

கிளை ஊழியர்களின் பங்கு

தொழில்நுட்பப் பிரிவு எவ்வளவு திட்டமிட்டாலும், மாலையில் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செல்லும் வழக்கம் உள்ள கிளையில் இரவு நேரப் புதுப்பிப்பு நடைபெறாது. எந்த இரவில் கணினிகளை இயக்க நிலையில் விட்டுச் செல்ல வேண்டும், யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும், மறுதொடக்கம் கேட்டால் எத்தனை முறை ஒத்திவைக்கலாம் என்பவற்றைக் கிளை மேலாளர்களுக்கு அவர்களின் மொழியில் எளிய சுற்றறிக்கையாக அனுப்புவது பலன் தரும். ஒவ்வொரு கிளையிலும் ஒருவரைத் தொடர்பாளராக நியமிப்பதும் நல்லது.

போலிப் புதுப்பிப்புகள் குறித்த விழிப்புணர்வும் தேவை. 'உங்கள் பிரவுசர் பழையது, இங்கே சொடுக்குங்கள்' என்று இணையப் பக்கத்தில் தோன்றும் அறிவிப்பு பெரும்பாலும் மோசடியே. அலுவலகக் கணினியில் புதுப்பிப்பு நிறுவனத்தின் அமைப்பு வழியாக மட்டுமே வரும் என்பதை ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும். கணினிகள் முடங்கினால் ஒரு நாள் பணியைக் காகிதத்தில் எவ்வாறு தொடர்வது என்ற மாற்று ஏற்பாடும் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும்.

விதிமுறைகள் கூறுவது

வங்கிகளுக்கான இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பை இந்திய ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2 அன்று வெளியிட்டது. கருவிகளின் பட்டியலைப் பராமரிப்பதும், திருத்தங்களை உரிய நேரத்தில் நிறுவுவதும் அதன் அடிப்படைத் தேவைகளில் அடங்கும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப நிர்வாகம் தொடர்பான தலைமை வழிகாட்டுதல்களும் திருத்த மேலாண்மை, மாற்ற மேலாண்மை ஆகியவற்றுக்கு எழுத்துபூர்வமான நடைமுறைகளைக் கோருகின்றன.

செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். கிளைக் கணினிகளின் பதிவுகள் மையமாகத் திரட்டப்படாத நிறுவனங்களால் இவ்விரண்டையும் நிறைவேற்றுவது கடினம்.

சிறிய நிறுவனங்கள் செய்யத்தக்கவை

நான்கைந்து கிளைகள் கொண்ட கூட்டுறவுச் சங்கமோ, பள்ளிக் குழுமமோ, மருந்தக நிறுவனமோ பெரிய செலவின்றியே இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். கணினிகளின் பட்டியலை ஒரு விரிதாளில் பராமரித்து மாதம் ஒருமுறை சரிபார்ப்பது முதற்படி. புரோ போன்ற விண்டோஸ் தொழில்முறைப் பதிப்புகளில் உள்ள ஒத்திவைப்பு வசதியின் மூலம் ஒரு கிளைக்கு உடனடியாகவும், மற்றவற்றுக்கு ஒரு வாரம் கழித்தும் புதுப்பிப்பு செல்லுமாறு அமைப்பது இரண்டாவது படி. ரவுட்டரின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றி, ஆண்டுக்குச் சில முறையாவது அதன் மென்பொருளைப் புதுப்பிப்பது மூன்றாவது. வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட காப்புப் பிரதி நான்காவது.

டபிள்யூ.எஸ்.யு.எஸ். மென்பொருளில் இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்பட மாட்டா என்று மைக்ரோசாப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்துள்ளது. அதன் இயக்கமும் ஆதரவும் தொடர்ந்தாலும், புதிதாக அமைப்பை நிறுவுவோர் கிளவுட் வழி நிர்வாக முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது பொருத்தமாக இருக்கும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் நிர்வாகம் ஒவ்வொரு மாதமும் விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று: மிகவும் பின்தங்கியுள்ள கணினி எந்தக் கிளையில் உள்ளது, அது எத்தனை நாட்களாகப் பின்தங்கியுள்ளது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது. இவற்றுக்கு உடனடியாக விடை தர முடிகிற நிறுவனத்தில்தான் தலைமையகத்தின் பாதுகாப்பு கடைசிக் கிளையையும் எட்டியிருக்கிறது என்று கூற முடியும்.